மூடிய வட்டமும் திறந்த கோபுரமும்: கொள்ளேகாலிலிருந்து பார்க்கும்போது பலதள விற்பனையின் வரலாறு

கொள்ளேகால் இன்று கர்நாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997க்கு முன் அது மைசூர் மாவட்டத்தின் பகுதி. 1956 நவம்பர் 1க்கு முன் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. மாநில மறுசீரமைப்புச் சட்டம் அந்தத் தாலுகாவைப் பெயர் சொல்லிப் பிரித்து மைசூர் மாநிலத்தோடு சேர்த்தது. எல்லை மாறியது. ஆனால் திம்பம் மலைப்பாதையும் மாதேசுவரன் மலைப்பாதையும் மாறவில்லை. பட்டும் சரிகையும் கால்நடையும் கடனும் உறவும் அப்பாதைகள் வழியே இரு பக்கமும் போய்வந்தன.

பழைய கோயம்புத்தூர் மாவட்டம் என்ற அந்தப் பெரிய நிலப்பரப்பை, இன்றைய கோவை, திருப்பூர், ஈரோடு, கொள்ளேகால் ஆகிய பகுதிகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கு நிர்வாக வரலாற்றைத் தாண்டிய ஒரு காரணம் உண்டு. தறியும் வேளாண்மையும் சிறு வணிகமும் கலந்த பகுதி இது. வங்கி எட்டிப்பார்க்காத காலத்திலும் இங்கே பணம் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் அறிமுகமும் வாய்ச்சொல்லும் அதற்குப் பிணையாக இருந்தன. அதே நிலப்பரப்பின் தமிழகப் பகுதியில்தான் கடந்த இருபது ஆண்டுகளில் பாசி, ஈமு போன்ற பெரும் வழக்குகள் எழுந்தன. கூட்டுச் சேமிப்பை நன்கு அறிந்த சமூகம் ஏன் மீண்டும் மீண்டும் ஏமாற்றத்தில் விழுகிறது? சீட்டுக்கும் சங்கிலித் திட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு எங்கே மங்குகிறது? அபாயத்தின் அடையாளங்களைப் பட்டியலாகக் கற்பிக்கும் துண்டறிக்கைகள் ஏராளம். அந்த அடையாளங்கள் எந்தெந்த வழக்கில், எந்தெந்தச் சட்டப் போராட்டத்தில் கண்டறியப்பட்டன என்ற வரலாறு குறைவாகவே பேசப்படுகிறது.

1. சீட்டு: எண்ணி முடிந்த வட்டம்

ஏலச்சீட்டின் கணக்கு எளிது. இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய், இருபது மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் இருபதாயிரம் சேரும். அவசரத் தேவை உள்ளவர் நாலாயிரம் தள்ளி எடுக்கிறார். அவர் கைக்குப் பதினாறாயிரம் வருகிறது. தள்ளிய நாலாயிரத்தில் சீட்டு நடத்துபவர் ஐந்து விழுக்காடாக ஆயிரத்தை எடுத்துக்கொள்கிறார். எஞ்சிய மூவாயிரம் இருபது பேருக்கும் தலைக்கு நூற்றைம்பதாகப் பிரிகிறது. எடுத்தவர் கடன் வாங்கியவராகிறார். எடுக்காதவர் வட்டி பெறுகிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வட்டம் மூடியிருக்கிறது. இருபத்தோராவது ஆள் சேர வேண்டிய தேவை எந்தக் கட்டத்திலும் எழுவதில்லை. ஒருவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் எந்த உறுப்பினரின் தள்ளுபடியிலிருந்து வந்தது என்று காட்டிவிடலாம். சீட்டு நடத்துபவர் ஓடிப்போகலாம். எடுத்தவர் கட்டாமல் போகலாம். அவை மனிதர்களின் பிழைகள். கணக்கில் பிழை கிடையாது.

இந்த வேறுபாட்டைத் தென்னிந்தியச் சட்டங்கள் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தன. கொச்சியும் திருவிதாங்கூரும் விடுதலைக்கு முன்பே குறிகளுக்கும் சிட்டிகளுக்கும் தனிச்சட்டம் இயற்றின. சென்னை மாநிலம் 1961இல் சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. கொள்ளேகால் அந்த மாநிலத்தைவிட்டு விலகி அப்போது ஐந்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. 1982இல் மத்தியச் சட்டம் வந்தது. நடத்துபவரின் தரகு ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அது வரையறுத்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் அதை ஏழாக உயர்த்தியது. சீட்டைத் தடை செய்யாமல் ஒழுங்குபடுத்தியதற்குக் காரணம், அது கணக்கில் நிற்கக்கூடிய ஏற்பாடு என்பதே.

2. பரிசுச் சீட்டும் 1978ஆம் ஆண்டுச் சட்டமும்

சீட்டின் பெயரைக் கடன் வாங்கிய வேறொன்று இதற்கு இணையாக வளர்ந்தது. பரிசுச் சீட்டில் உறுப்பினர்கள் மாதந்தோறும் பணம் கட்டுவர்; குலுக்கலில் பெயர் வந்தவர் பரிசோடு வெளியேறுவார்; மற்றவர்களுக்கு முடிவில் கட்டிய பணம் மட்டும் வட்டியின்றித் திரும்பும், சில வேளைகளில் அதுவும் குறைந்து திரும்பும். எல்லோருடைய பணத்தின் வட்டியும் நடத்துபவருக்கே போகும். வங்கியல்லாத நிறுவனங்களை ஆராய 1970களின் நடுவில் ரிசர்வ் வங்கி ஜேம்ஸ் எஸ். ராஜ் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. இத்தகைய திட்டங்கள் நடத்துபவருக்கு மட்டுமே பயன்படுகின்றன என்றும், பொதுநலன் கருதி இவற்றை அடியோடு தடை செய்ய வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது.

அதன் விளைவே 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம். இச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு ‘பணச்சுழற்சித் திட்டம்’ என்பதை வரையறுக்கிறது. விரைவாகவோ எளிதாகவோ பணம் ஈட்டுவதற்கான திட்டம் என்ற தொடரும், உறுப்பினர் சேர்க்கையைச் சார்ந்த நிகழ்வு ஒன்றின்பேரில் பணம் தருவதாக வாக்களித்துப் பணம் பெறுதல் என்ற தொடரும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. திட்டத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் பொருட்டில்லை என்பதையும் அவ்வரையறையே சொல்லிவிடுகிறது.

மூன்றாம் பிரிவைப் பலர் படித்திருப்பதில்லை. திட்டத்தை நடத்துவதை மட்டும் அது தடுக்கவில்லை. உறுப்பினராகச் சேர்வதையும், வேறு எவ்வகையிலும் பங்கேற்பதையும் சேர்த்தே தடுக்கிறது. நான்காம் பிரிவின் தண்டனை மூன்றாண்டு வரை சிறை. ஆகவே பணம் இழந்தவர் புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குச் செல்லும்போது, அவரும் பிறரைச் சேர்த்தவராக இருந்தால், சட்டத்தின் எழுத்தில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற கேள்வி எழுகிறது. சங்கிலித் திட்டங்கள் நீண்ட நாள் வெளியே தெரியாமல் ஓடுவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

3. சஞ்சயிதா: தாளில் ஒன்று, வாயில் ஒன்று

சட்டம் வந்த இரண்டே ஆண்டுகளில் அதற்குக் கடுமையான சோதனை கல்கத்தாவில் நேர்ந்தது. சஞ்சயிதா இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1975இல் ஏழாயிரம் ரூபாய் முதலீட்டில் தொடங்கப்பட்ட கூட்டுநிறுவனம். பொதுமக்களிடம் கோடிக்கணக்கில் கடன் பெற்றது. எழுத்தில் இருந்த வட்டி 12 விழுக்காடு. உண்மையில் 48 விழுக்காடு, பின்னர் 36 விழுக்காடு கொடுக்கப்பட்டது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. மிகுதித் தொகை கணக்கில் வராமல் கையில் தரப்பட்டது.

1982 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த முதல் தகவல் அறிக்கையை நீக்கியது. சட்டத்தின் வரையறையை நீதிபதிகள் நுணுகி ஆராய்ந்தனர். விரைவான பணம் என்பது மட்டும் குற்றமாகாது, அப்பணம் உறுப்பினர் சேர்க்கை போன்ற ஒரு நிகழ்வைச் சார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. வரையறையில் இருந்த காற்புள்ளிகளை மட்டும் நம்பிப் பொருள் கொள்ளத் தாம் விரும்பவில்லை என்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தம் தீர்ப்பில் குறித்திருப்பது, இலக்கணம் படிப்போர்க்கும் சுவையான பகுதி. அளவுக்கு மீறிய வட்டி கொடுப்பது வேறு சட்டங்களுக்கு முரணாகலாம், ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் வராது என்பதே அதன் சாரம்.

சட்ட வரலாற்றில் இத்தீர்ப்பு ஒரு இடைவெளியைக் காட்டியது. புது ஆள் சேர்ப்பதை வெளிப்படையாக நிபந்தனையாக்காமல், புது ஆளின் பணத்தைக் கொண்டு பழைய ஆளுக்கு வட்டி கொடுத்தால் 1978ஆம் ஆண்டுச் சட்டம் எட்டாது. பின்னாளில் தமிழ்நாடு 1997இலும் கர்நாடகம் 2004இலும் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச்சட்டம் இயற்றியதும், 2019இல் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்ததும் இந்த இடைவெளியை அடைப்பதற்கான முயற்சிகளே.

வாசகருக்கு அதிலிருந்து கிடைக்கும் அடையாளம் ஒன்று உண்டு. தாளில் எழுதப்பட்ட வாக்குறுதியும் வாயால் சொல்லப்படும் வாக்குறுதியும் வேறுபடும் இடத்தில், இரண்டாவதை நம்பியே பணம் கொடுக்கப்படுகிறது. வழக்கு என்று வரும்போது முதலாவது மட்டுமே எஞ்சுகிறது.

4. பொருள் என்ற போர்வை

பலதள விற்பனை தனி வரலாறு உடையது. 1945இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நியூட்ரிலைட் என்ற ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்க ஒரு புது முறை வகுக்கப்பட்டது. விற்பவர் தம் விற்பனைக்கு மட்டுமின்றி, தாம் சேர்த்தவர்களின் விற்பனைக்கும் தரகு பெறுவார். அந்நிறுவனத்தின் விற்பனையாளர்களாக இருந்த இருவர் 1959இல் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினர்.

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இரண்டு முடிவுகளில் இத்துறைக்கு இலக்கணம் எழுதியது. 1975இல் காஸ்காட் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தின் வழக்கில், பணம் கட்டிச் சேர்பவருக்கு, இறுதி நுகர்வோரிடம் செய்யும் விற்பனையோடு தொடர்பில்லாமல் ஆள் சேர்ப்பதற்கே பரிசு கிடைக்குமானால் அது கோபுரத் திட்டம் என்றது. 1979இல் ஆம்வே வழக்கில், அந்நிறுவனத்தின் மூன்று விதிகளைக் கருதி அது கோபுரத் திட்டமல்ல என்று முடிவு செய்தது. விற்பனையாளர் வாங்கிய சரக்கில் எழுபது விழுக்காட்டையாவது விற்றாக வேண்டும். மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும். விலகுபவரின் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும். பொருள் வெளியாளின் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதே உரைகல்.

ஆம்வே இந்தியாவில் 1998இல் விற்பனையைத் தொடங்கியது. 2006இல் ஆந்திரக் காவல்துறை நடவடிக்கை எடுத்தபோது நிறுவனம் உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2007 ஜூலையில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், தாம் சேர்த்தவர்கள் வழியாகவும் அவர்கள் சேர்த்தவர்கள் வழியாகவும் தொடர்ந்து வரும் தரகு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள் வருவதாகவே தோன்றுகிறது என்று கூறி, விசாரணையைத் தடுக்க மறுத்தது. 2013இல் கேரளக் காவல்துறை அந்நிறுவனத்தின் இந்தியத் தலைமை அதிகாரியைக் கைது செய்தது. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை 757 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட சொத்துகளை முடக்கியது. தாங்கள் நடத்துவது முறையான நேரடி விற்பனையே என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே வணிக முறை வாஷிங்டனில் ஏற்கப்பட்டு ஐதராபாத்தில் ஐயத்துக்குள்ளானது ஏன் என்பது ஒப்பாய்வுக்குரிய நல்ல வினா. விடையின் ஒரு பகுதி சட்டச் சொற்களில் இருக்கிறது. அமெரிக்க முடிவு விற்பனை யாரைச் சேர்கிறது என்று கேட்டது. இந்தியச் சட்டம் வருமானம் எதைச் சார்ந்திருக்கிறது என்று கேட்கிறது.

சென்னையில் 2003இல் எழுந்த கோல்டு குவெஸ்ட் வழக்கு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. அங்கே பொருள் ஒரு தங்கக் காசு. காசின் உலோக மதிப்புக்கும் அதற்குக் கட்டிய விலைக்கும் உள்ள தொலைவை ‘அரிய நினைவுக் காசு’ என்ற சொல் நிரப்பியது. புகார்தாரர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டதால், உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு 2014இல் நடவடிக்கை நீக்கத்தில் முடிந்தது. பணம் திரும்பக் கிடைத்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை. திட்டத்தின் தன்மை பற்றிய கேள்விக்கு விடை கிடைக்காமலே கோப்பு மூடப்படுவதும் இவ்வரலாற்றில் அடிக்கடி காணும் காட்சி.

கேரளத்தின் எல்.ஐ.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் கணக்கையே சான்றாகக் கொண்டது. முன்னவருக்கு இரட்டிப்பாகக் கொடுக்கும் பணம் பின்னவர் கட்டியதிலிருந்துதான் வர முடியும் என்றால், சேர்க்கை நிற்கும் நாளில் கடைசியில் வந்தவர் இழப்பது உறுதி. அந்த உறுதியைத் தெரிந்தே வாக்குறுதி தருவது ஏமாற்று என்ற குற்றச்சாட்டை விசாரிக்கப் போதுமானது என்று நீதிமன்றம் கருதியது.

5. கொள்ளேகாலை வைத்து ஒரு கணக்கு

அந்தக் கணக்கைக் கொள்ளேகால் நகரத்தின்மேல் பொருத்திப் பார்க்கலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 57 ஆயிரம். ஒருவர் ஒரு திட்டத்தைக் கொண்டுவருகிறார். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். ஆறு என்பது மிகக் குறைவாகத் தோன்றும் எண். மாமன், மைத்துனன், பக்கத்துத் தறிக்காரர், பள்ளித் தோழன் என்று எண்ணினாலே நிறைந்துவிடும்.

முதல் படியில் 6 பேர், இரண்டாம் படியில் 36, மூன்றாவதில் 216, நான்காவதில் 1,296, ஐந்தாவதில் 7,776, ஆறாவதில் 46,656. தொடங்கியவரையும் சேர்த்துக் கூட்டினால் 55,987. அதாவது ஆறே படிகளில், தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட, ஊர் முழுவதும் உறுப்பினராகிவிட்டது. எட்டாம் படிக்கு மட்டும் 16 இலட்சத்து 79 ஆயிரம் பேர் வேண்டும். சாமராசநகர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 10 இலட்சம். பன்னிரண்டாம் படிக்கு 217 கோடிப் பேர் வேண்டும்; இந்தியாவில் அத்தனை பேர் இல்லை.

சேர்க்கைக் கட்டணம் ஐயாயிரம், கீழே சேரும் ஒவ்வொருவருக்கும் மேலே உள்ள ஒவ்வொருவருக்கும் ஐந்நூறு என்று கொண்டால், ஐந்தாம் படியில் உள்ளவர் ஆறு பேரைச் சேர்த்தும் மூவாயிரம்தான் பெறுவார். கட்டியது திரும்பாது. ஆறாம் படியினருக்கு ஒன்றும் இல்லை. ஆக 54,432 பேர் இழக்க, 1,555 பேர் ஈட்டுவர். திட்டத்தை நடத்துபவர் திருடினால்தான் இப்படி ஆகும் என்பதில்லை. அவர் சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியதைக் கொடுத்தாலும் முடிவு இதுதான். சீட்டில் மனிதர் தவறினால்தான் இழப்பு; இங்கே மனிதர் தவறாவிட்டாலும் இழப்பு.

‘முயன்றால் யாரும் வெல்லலாம்’ என்று கூட்டங்களில் சொல்லப்படுவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்மை போலத் தெரியும். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும்போது அது பொய்யாகிவிடுகிறது. தோற்றவர் தம் முயற்சியின்மையைப் பழித்துக்கொள்வதற்கும், திட்டத்தைப் பழிக்காமல் போவதற்கும் அந்த ஒரு வாக்கியமே காரணமாகிறது.

6. மலைக்குக் கீழே

பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் அண்மைக்கால வழக்குகள் மூன்று இங்கே பொருந்தும். அவை எல்லாமே பலதள விற்பனை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

திருப்பூரில் பாசி என்ற நிறுவனம் அந்நியச் செலாவணி வணிகத்தின் பெயரால் 2008-09இல் ஏறத்தாழ 930 கோடி ரூபாய் திரட்டியது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்று, 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் இரு இயக்குநர்களுக்கு 27 ஆண்டுச் சிறையும் 171 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட அபராதமும் விதித்தது. பணம் போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த வட்டியையும் தள்ளிப்போன திருமணங்களையும் எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் ஈமுப் பண்ணைத் திட்டம் 2012இல் சரிந்தது. உழவர் முன்பணம் கட்டினால் குஞ்சுகளும் தீவனமும் கொடுத்து, வளர்ப்புக் கூலியாக மாதந்தோறும் நிலையான தொகை தரப்படும் என்பது ஏற்பாடு. நடிகர்கள் விளம்பரத்தில் தோன்றினர். பறவை உண்மையானது, கொட்டகை உண்மையானது, காலையில் தீவனம் வைக்கும் உழைப்பும் உண்மையானது. இல்லாதது ஒன்றே: ஈமு இறைச்சியையும் எண்ணெயையும் அந்த அளவுக்கு வாங்கும் சந்தை. நிறுவனம் மூடப்பட்டபின் கைவிடப்பட்ட பறவைகளுக்குத் தீனி போடும் பொறுப்பு அரசின் கால்நடைத் துறைமேல் விழுந்தது. வெயிலும் மழையும் நோயும் அறிந்த உழவர், எந்தப் பருவத்திலும் மாறாத வருமானம் என்ற வாக்குறுதியில் ஐயம் கொள்ளாமல் போனது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பருவம் அவரை அத்தனை முறை ஏமாற்றியிருந்தது. மாறாத வருமானம் என்பதையே அவர் வாங்கினார்.

மூன்றாவது நிகழ்வு 2024 ஜனவரி 29. கோவை நீலம்பூர் அருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று கூறிய மை வி3 ஆட்ஸ் நிறுவனத்தின்மேல் காவல்துறை வழக்குப் பதிந்திருந்தது. கூடியவர்கள் அந்நிறுவனத்தை எதிர்த்து வரவில்லை, ஆதரித்து வந்தனர். வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்கு உரியது. வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது அந்தக் கூட்டத்தின் தருக்கத்தை. பணம் வந்துகொண்டிருக்கும்வரை உறுப்பினருக்குப் புகார் இல்லை. வழக்கு வந்தால் வரவு நின்றுவிடும். ஆகவே எச்சரிப்பவரே இழப்புக்குக் காரணமானவராகத் தெரிகிறார். பாதிக்கப்பட்டவர் முன்வரட்டும் என்று அரசு காத்திருந்தால், சரிவுக்கு முன் ஒருவரும் முன்வரமாட்டார்.

கர்நாடகப் பக்கத்திலும் இதே பாடம் உண்டு. பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தது. வட்டி வாங்குவதைச் சமயம் தடுப்பதால் வங்கியை நாடத் தயங்கிய இசுலாமியக் குடும்பங்களிடம், இது வட்டியல்ல, இலாபப் பங்கு என்று சொல்லியே பணம் திரட்டப்பட்டது. ஒரு சமூகத்தின் நேர்மையே அதன் வலுவற்ற இடமாக்கப்பட்டது.

7. அடையாளங்கள்

இவ்வழக்குகளிலிருந்து திரண்டுவரும் அடையாளங்களை இப்படித் தொகுக்கலாம்.

ஒன்று, வருமானத்தின் ஊற்று. தருகிற பணம் வெளியே உள்ள வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா, உள்ளே புதிதாகச் சேர்பவரிடமிருந்து வருகிறதா? இக்கேள்விக்கு நேர்விடை கிடைக்காவிட்டால் மற்றக் கேள்விகள் தேவையில்லை.

இரண்டு, நுழைவதற்கு விலை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கட்டாயமாக வாங்க வேண்டிய சரக்குப் பெட்டி என எப்பெயரில் வந்தாலும் அது நுழைவுக் கட்டணமே. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள் சேர்க்கைக் கட்டணம் வாங்குவதையும் கோபுரத் திட்டம் நடத்துவதையும் தடுக்கின்றன.

மூன்று, பொருளின் சந்தை. அதே பொருளை, உறுப்பினர் ஆகும் ஆசை இல்லாத ஒருவர் அந்த விலைக்கு வாங்குவாரா?

நான்கு, அசையாத வருமானம். வணிகம் எதுவாயினும் ஏற்றத்தாழ்வு உண்டு. மாதம் தவறாத ஒரே தொகை, இலாபத்திலிருந்து வராமல் முதலிலிருந்தே வருகிறது என்பதற்கான குறி.

ஐந்து, சான்றிதழ்களின் பெருக்கம். நிறுவனப் பதிவு, ஜி.எஸ்.டி. எண், பான் அட்டை ஆகியவற்றைச் சட்டம் போட்டுக் காட்டுவர். இவை ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கான சான்று. மக்களிடம் வைப்புநிதி பெற அதற்கு உரிமை உண்டு என்பதற்கான சான்றல்ல.

ஆறு, இரவல் வாங்கிய மதிப்பு. நடிகர், சமயப் பெரியவர், ஓய்வுபெற்ற அதிகாரி, ஊரில் நல்ல பெயர் பெற்ற ஆசிரியர். கணக்கு பேச வேண்டிய இடத்தில் முகம் பேசுகிறது.

ஏழு, வெளியேறும் வழி. கட்டியதைத் திரும்பக் கேட்டால் ‘உங்களுக்குப் பதில் ஒருவரைச் சேர்த்துவிட்டுப் போங்கள்’ என்று விடை வருமானால், கோபுரம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது.

எட்டு, கேள்வி கேட்பவரின் நிலை. சீட்டில் கணக்குக் கேட்பவர் பொறுப்புள்ளவர் எனப்படுவார். சங்கிலித் திட்டத்தில் அவர் எதிர்மறையாளர், பொறாமைக்காரர் எனப்படுவார்.

8. சீட்டின் மொழியில் கோபுரம்

ஒரு கேள்வி எஞ்சுகிறது. எட்டு அடையாளங்களும் கண்ணுக்குத் தெரிந்தும் ஏன் காணப்படுவதில்லை? அறியாமை என்ற விடை போதாது. ஆசிரியரும் வங்கி ஊழியரும் பொறியாளரும் இத்திட்டங்களில் நிறையவே இருந்தனர். பேராசை என்ற விடையும் முழுமையில்லை.

தென்னிந்தியச் சிற்றூர்களில் கூட்டுச் சேமிப்பின் உண்மையான அனுபவம் இருந்தது. தெரிந்தவர் சொன்னார், பத்துப் பேராகச் சேர்ந்தோம், நாணயமாக நடந்தது, மகள் திருமணம் முடிந்தது என்பது பல குடும்பங்களின் நினைவு. சங்கிலித் திட்டம் அந்த நினைவின் மொழியிலேயே பேசுகிறது. அழைப்பவர் அயலார் இல்லை, சித்தப்பா மகன். கூடுமிடம் அலுவலகம் இல்லை; வீட்டுத் திண்ணை. சீட்டு எந்த நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டதோ அதே நம்பிக்கையைக் கோபுரமும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் சீட்டு தான் எடுத்த நம்பிக்கையைச் சுற்று முடிந்ததும் வளர்த்துத் திருப்பிக் கொடுத்தது. கோபுரம் எடுத்ததைத் திருப்பித் தருவதில்லை. சரிந்தபின் இழப்பது கட்டிய ஐயாயிரத்தை மட்டுமல்ல. ஆறு வீடுகளின் உறவையும் சேர்த்தே. கணக்குப் புத்தகத்தில் வராத அந்த இழப்பே பலரைப் புகார் கொடுக்கவிடாமல் தடுக்கிறது. தம்மை ஏமாற்றியவரும் தாம் ஏமாற்றியவரும் ஒரே பந்தியில் அமர வேண்டியவர்கள்.

1978ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முடிச்சைக் கண்டது. ஆனால் சேர்த்தவரையும் சேர்ந்தவரையும் ஒரே பிரிவில் அடைத்து விட்டுவிட்டது. அந்தப் பிரிவை ஆராயும் மாணவர் எண்ண வேண்டியது இது: உண்மையைச் சொல்ல முன்வருபவருக்குச் சட்டத்தில் ஒரு கதவு இல்லாதவரை, ஆறாம் படியில் நிற்பவர் அமைதியாகவே இருப்பார். அவர் அமைதியாக இருக்கும்வரை அடுத்த ஊரில் முதல் படி தொடங்கிக்கொண்டே இருக்கும். மலைப்பாதையின் இரு பக்கத்து ஊர்களுக்கும் இது பொருந்தும்.